புல்லட்டை ‘கஸ்டம்’ பண்ணக் கொடுக்கிறீர்களா? டேங்கின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள்

பழைய வண்டியைப் புதுப்பிக்கவோ, தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளவோ வெளியே கொடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூலி அதிகம் கேட்டார்கள், சொன்ன தேதிக்குத் தரவில்லை என்பதெல்லாம் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் நடப்பதுதான், அதற்காகப் பதிவு போட மாட்டேன். இது வேறு. வண்டியில் இருந்த அசல் பாகங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் மலிவான டூப்ளிகேட்டை மாட்டி, மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்து, அதற்கு நம்மிடமே காசும் வாங்கிக்கொண்டு அனுப்புகிறார்கள். வண்டியைத் திரும்ப எடுக்கிற அன்றைக்குப் புதுப் பெயிண்டைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. அதுதான் அவர்களுக்கு வசதி.

என்னுடையது 1974 மாடல் புல்லட் 350. பெரியப்பா வாங்கியது, அவருக்குப் பிறகு எனக்கு வந்தது. அந்தக் காலத்து என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த வண்டி. 1955-ல் ஆரம்பித்த கம்பெனி. இங்கிலாந்தில் மூலக் கம்பெனி 1970-ல் மூடிய பிறகும் இங்கே புல்லட் வந்துகொண்டேதான் இருந்தது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக், ஹெட்லைட்டுக்கு இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு டைகர் லேம்ப், மேலே பேட்டரியின் மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்ப் மீட்டர். அந்த மீட்டர் அலங்காரத்துக்கு இல்லை. கிக்கரை மெதுவாக அழுத்தி, முள் நடுவுக்கு வரும்போது நிறுத்தி, எஞ்சினுக்குள் இருக்கிற அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து பிஸ்டனைக் கொஞ்சம் தாண்ட விட்டு, அப்புறம் முழு கிக் கொடுத்தால் ஒரே உதையில் பிடிக்கும். பழைய புல்லட் வைத்திருக்கும் எல்லாருக்கும் இது கால் பழக்கம்.

பழையதை மாற்றிச் செய்வது எனக்கு ரொம்ப வருடமாக இருக்கிற ஆசை. வீட்டில் இருக்கிற மேசைக்குக் கால் பழைய தையல் மிஷினின் வார்ப்பிரும்புக் கால்தான், மிதிபலகை இன்னும் அசையும். ஒடுங்கிப்போன ஹெட்லைட் கிண்ணம் ஒன்றைப் படிக்கிற விளக்காக மாற்றியிருக்கிறேன். பால் கேன் ஒன்று இப்போது ஸ்டூல். இதெல்லாம் மாடியிலேயே, கையில் இருக்கிற டிரில்லையும் கிரைண்டரையும் வைத்துச் செய்துவிடலாம். ஆனால் எஞ்சின் போரிங்குக்கு, அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சரிசெய்ய, லேத் வேண்டும், டேங்க் பெயிண்டுக்குத் தூசி இல்லாத அறையும் கம்ப்ரஸரும் வேண்டும். அதனால்தான் திருச்சியிலிருந்து வண்டியை லாரியில் ஏற்றி, சென்னைப் புறநகரில் இருக்கிற ஒரு கஸ்டம் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். பெயர் போடவில்லை, வழக்கு நடக்கிறது. இன்ஸ்டாகிராமில் அவர்கள் போட்டிருந்த வண்டிகள் நிஜமாகவே அழகாக இருந்தன. அங்கே வேலை செய்து எடுத்த இரண்டு பேரிடம் போனில் கேட்டும் பார்த்தேன், இரண்டு பேருமே நல்லபடியாகத்தான் சொன்னார்கள்.

என்ன வேண்டும் என்பதை வாட்ஸ்அப்பில் தெளிவாக எழுதி அனுப்பியிருந்தேன். ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட். டேங்குக்கு 2கே பெயிண்டில் கறுப்பு, அதன்மேல் கையால் இழுத்த தங்கக் கோடு. ரிம், சைலன்சருக்குக் குரோம். எஞ்சினுக்குப் போர் செய்து புதுப் பிஸ்டன் செட். ஃபிரேமில் கை வைக்கக் கூடாது, ஒரு இடத்திலும் அறுக்கக் கூடாது, கழற்றுகிற ஒவ்வொரு பாகமும் எனக்குத் திரும்ப வர வேண்டும். “சரிண்ணே, பக்காவா பண்ணிடலாம்” என்று பதில் வந்தது. மொத்தம் ₹1,15,000 பேசி, ₹60,000 முன்பணம் போட்டேன். அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருந்ததுதான் இன்றைக்கு என் கையில் இருக்கிற பெரிய ஆதாரம்.

வண்டி திரும்பி வந்தபோது தெருவே நின்று பார்த்தது, அதில் பொய்யில்லை. முதல் முறை பெட்ரோல் போட்டபோது ஆரம்பித்தது. பங்க்கில் மூடி ஓரமாகக் கொஞ்சம் வழிந்தது, உடனே துடைத்தேன். துடைத்த துணியில் கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. வழிந்த இடத்தில் பெயிண்ட் சுருங்கித் தோல் மாதிரி மடிந்துவிட்டது. ஹார்டனர் கலந்து அடிக்கிற 2கே பெயிண்ட் சரியாகக் காய்ந்துவிட்டால், வழிந்த பெட்ரோலை உடனே துடைத்தால் ஒன்றும் ஆகாது. பெட்ரோல் பட்டதும் கரைவது ஹார்டனர் இல்லாத என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட், விலை ரொம்பக் குறைவு. பில்லில் 2கே என்று போட்டு அடித்தது என்.சி. அந்தத் தங்கக் கோடோ ஸ்டிக்கர். நகத்தை வைத்துத் தடவினால் விளிம்பு தட்டுப்பட்டது. திருவொற்றியூரில் டேங்குக்குக் கோடு போட்டவர்கள் நீள முடி வைத்த தூரிகையால், வெறும் கையாலேயே, ஒரே மூச்சில் இழுப்பார்கள். கைக்கோட்டில் எங்கேயாவது ஒரு இடத்தில் மயிரிழை அளவு தடிப்பு கூடும் குறையும், விளிம்பு இருக்காது. அந்தக் கோட்டுக்கு என்று தனியாக ₹6,000 வாங்கியிருந்தார்கள்.

சரி, பெயிண்ட்தானே, திரும்ப அடித்துக்கொள்ளலாம் என்று எங்கள் ஊர் டிங்கரிடம் டேங்கைக் கழற்றச் சொன்னேன். கழற்றியவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது உங்க டேங்க் இல்லையே” என்றார். அவருக்கு எப்படித் தெரியும் என்றால், பல வருடம் முன்னால் அந்த டேங்கின் அடியில், இடது பக்கம் பெட்ரோல் திறக்கிற காக் பொருத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒழுகிய இடத்தைப் பித்தளை வைத்து ஊதி அடைத்தவரே அவர்தான். உள்ளங்கையில் பாதி இருக்கும் அந்தப் பித்தளைப் பத்து (ஒட்டு). இப்போது வந்திருக்கிற டேங்கின் அடிப்பக்கம் மழமழவென்று இருக்கிறது. தகடும் மெல்லிசு, விரலால் தட்டினால் சத்தமே வேறு. போன் பண்ணிக் கேட்டதற்கு ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன பதில்: “அண்ணே, அந்த வெல்டிங்கை கிரைண்ட் பண்ணி ஃபினிஷிங் குடுத்துட்டோம்ணே.” பித்தளையைக் கிரைண்ட் பண்ணினால் ஓட்டைதான் திரும்பத் திறக்கும். தவிர, பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தோம், அடியில் பித்தளை நிறமே இல்லை, புதுத் தகடுதான் இருந்தது.

அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இரண்டு மட்கார்டும் மாறியிருந்தன. டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் பெரியப்பா ஆணியால் கீறி எழுதிய இனிஷியல் இருக்கும், அந்த மூடி இல்லை. ஆம்ப் மீட்டரையும் டீகம்ப்ரஷன் லீவரையும் ‘கிளீன் லுக்’ என்று சொல்லி எடுத்துவிட்டிருந்தார்கள், நான் கேட்கவே இல்லை, எடுத்ததும் திரும்ப வரவில்லை. எஞ்சின் ஹெட்டைத் திறந்தால் பழைய பிஸ்டன் அப்படியே உட்கார்ந்திருந்தது. போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் அதன் தலையிலேயே அளவு குத்தியிருக்கும். இதில் எந்த எண்ணும் இல்லை, கம்பெனியில் வந்த அளவேதான். மேலே இருந்த கரியைத் துடைத்துவிட்டு ரிங்கை மட்டும் மாற்றி மூடியிருக்கிறார்கள். பில்லில் போரிங், பிஸ்டன், ஹானிங் எல்லாம் தனித்தனியாக வரி வரியாக இருக்கிறது.

இதையெல்லாம்கூடக் காசுக் கணக்கில் சேர்த்துவிடலாம். என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது ஃபிரேம். சீட்டுக்குக் கீழே பின்பக்கக் குழாயைக் குறுக்காக அறுத்து, நீளத்தைக் குறைத்து, திரும்ப ஒட்டியிருந்தார்கள். ஒட்டியதும் உருப்படியாக இல்லை. மேலே பட்டி (பள்ளத்தை நிரப்புகிற பசை) பூசி, பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். காந்தம் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நல்ல இரும்பில் கப்பென்று பிடிக்கிற காந்தம் அந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போனது. பட்டியைத் தட்டி எடுத்தால் உள்ளே வெல்டிங் பாதிதான் சுற்றி வந்திருக்கிறது, மீதி வெறும் விரிசல். வேகமாகப் போகும்போது ஒரு பள்ளத்தில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

இதில் சட்டப் பக்கம் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருக்கிற விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்து தீர்ப்பு கொடுத்திருக்கிறது. நிறத்தை மாற்றினால்கூட ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அறுத்த ஃபிரேமோடு போனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை வருகிற பதிவு புதுப்பித்தலில் நிற்கப்போவது வண்டி உரிமையாளர்தான், ஒர்க்‌ஷாப்காரர் வர மாட்டார். என் வண்டியில் இன்னொரு கூத்தும் நடந்திருக்கிறது: ஃபிரேம் முழுக்கத் தடிமனாகப் பெயிண்ட் அடித்ததில் சேஸிஸ் நம்பரே மூழ்கிவிட்டது. மோட்டார் வாகன ஆய்வாளர் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நம்பர் எடுப்பாரே, அதில் ஒன்றுமே விழாது. அந்த இடத்தை மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிப்பது இந்த வேலையின் அரிச்சுவடி.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய நஷ்டம். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு வி.ஏ. என்ற எழுத்தோடு தனி எண் கிடைக்கும். ஆனால் வண்டி அசல் நிலையில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது. 1974 வண்டிக்கு அந்த வயது வந்துவிட்டது. நான் கேட்ட சீட்டும் பெயிண்டும் எப்போது வேண்டுமானாலும் திருப்பிவிடக்கூடியவை, போல்ட்டைக் கழற்றினால் பழைய புல்லட். அறுத்த குழாயை எதைக் கொண்டு திருப்புவது? என்னைப் பொறுத்தவரை நல்ல கஸ்டம் வேலைக்கு அடையாளமே இதுதான், நாளைக்கு வேண்டாம் என்றால் கழற்றி வைத்துவிட முடிய வேண்டும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று சென்னை புதுப்பேட்டையில் பழைய ஸ்பேர்ஸ் விற்கிற ஒருவரிடம் பேசியபோது புரிந்தது. எழுபதுகளின் அசல் டேங்க், கனத்த தகட்டு மட்கார்டு, மீட்டர் எல்லாம் கிடைப்பது வருடா வருடம் குறைகிறது, சேகரிப்பவர்கள் சொன்ன விலையைக் கொடுத்து வாங்குகிறார்கள். டூப்ளிகேட் டேங்கோ எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். ஆக, ஒரு வண்டி உள்ளே வந்தால் கூலியை விட அதிலிருந்து கழற்றுகிற பாகத்தில் வருமானம் அதிகம். தெரியாமல் நடந்த தவறு என்று அவர்கள் சொல்ல முடியாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. அவர்களே போட்ட ஒரு ரீல்ஸில், வேறொருவருக்கு முடித்துக் கொடுத்த வண்டியின் டேங்கைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன் கவிழ்த்துக் காட்டுகிறார்கள், இடது பக்கம் காக்குக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு பத்து. நான் கேட்ட மறுநாள் அந்த ரீல்ஸை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே ஸ்கிரீன் ரெக்கார்டு எடுத்து வைத்துவிட்டேன்.

கொடுக்கப் போகிறவர்கள் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது: டேங்கின் அடி, மட்கார்டின் உள்பக்கம், டூல் பாக்ஸ், சீட்டுக்குக் கீழே ஃபிரேம், எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுங்கள், வெளியே தெரியாத இடத்தில் உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு புள்ளியைக் குத்தி வையுங்கள். கழற்றுகிற பாகங்களின் பட்டியலில் அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள், தயங்குகிறார்கள் என்றால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பெயிண்டுக்கு முன்னால் வெறும் இரும்பாக ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும், வீடியோ போதாது. பழைய பிஸ்டனைக் கையில் கேளுங்கள். எடுக்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். குரோமுக்குக் கீழே செம்பும் நிக்கலும் போட்டார்களா என்று அன்றைக்குக் கண்டுபிடிக்க முடியாது, ஒரு மழைக்காலம் போனால்தான் தெரியும். அதனால் குரோம் பாகங்களின் காசில் ஒரு பகுதியை நிறுத்திவைத்துப் பேசிக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் சும்மா விட வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை என்பதால் இது நுகர்வோர் சட்டத்துக்குள் வரும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியலாம். வேலைக்கு நீங்கள் கொடுத்த தொகை ₹5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது, இ-ஜாக்ரிதி தளத்திலேயே மனுப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நம்பிக் கொடுத்த பொருளை எடுத்துக்கொண்டது தனிக் குற்றம், அதற்குக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதை (புகார் பெற்றதற்கான ரசீது) கேட்டு வாங்குங்கள். “இது சிவில் மேட்டர், பேசித் தீர்த்துக்கோங்க” என்று அனுப்பப் பார்ப்பார்கள். பேசித் தீர்க்க என்னையும் கூப்பிட்டார்கள், ₹20,000 தருகிறேன், பதிவு எதுவும் போடக் கூடாது என்றார் ஒர்க்‌ஷாப்காரர். எனக்குப் பணம் வேண்டாம், டேங்கும் மூடியும் மட்கார்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆணையத்தில் மனு ஏற்கப்பட்டிருக்கிறது, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது.

சமீபத்தில் சென்னைப் பக்கம் கஸ்டம் புல்லட் முடித்து வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி செய்யுங்கள். டேங்கைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். இடது காக்குக்குப் பக்கத்தில் பெயிண்டுக்குக் கீழே மேடாக ஏதாவது தட்டுப்பட்டால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நீங்களும் காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பீர்கள். உங்கள் வண்டியில் இருந்து என்ன போயிருக்கிறது என்று சேர்ந்தே பார்க்கலாம்.