முதுகில் நீர் எடுக்கும் முன் தடவும் க்ரீம்

குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். பாக்டீரியா மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் முதுகில் ஊசி போட்டு, முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீரை எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு முன் தோலை மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன், பிரிலோகெய்ன் க்ரீமைப் பற்றித்தான் எழுதுகிறேன். இரண்டும் 2.5 சதவீதம். எம்லா என்பது இதன் பிரபலமான பெயர். இதே கலவை வேறு பெயர்களிலும் கிடைக்கிறது.

"பச்சைக் குழந்தைக்கு என்ன தெரியும்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சே எனக்கு ஆகாது. பிறந்து சில நாளே ஆன குழந்தைகளை வைத்து டெல்லியில் ஓர் ஆய்வு நடந்து 2003இல் வெளியானது. க்ரீம் தடவிய குழந்தைகளுக்கு ஊசி நுழையும்போது வலியின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. நாங்கள் வார்டில் பார்ப்பதும் அதுதான். குழந்தை துள்ளாமல் இருந்தால் பிடித்துக்கொள்வது சுலபம், நீரில் ரத்தம் கலக்கும் வாய்ப்பும் குறைவு. கலந்துவிட்டால், நோய் இருக்கிறதா என்று பார்க்க அந்த நீரில் எண்ணும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை குழம்பும், மறுபடி குத்தவும் வேண்டியிருக்கும்.

தேய்க்கக் கூடாது. கெட்டியாக வைத்து, மேலே ஒட்டுப் படலம் போட்டு, அதிலேயே பேனாவால் நேரம் எழுதிவிடுவேன். எடுக்கும்போது தோல் வெளுத்தோ சிவந்தோ இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

பெரிய குறை, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். குழந்தை மோசமாக இருந்தால் அந்த ஒரு மணி நேரம் நம்மிடம் கிடையாது. ஆன்டிபயாடிக்கை க்ரீமுக்காக ஒரு நிமிடம்கூடத் தள்ளக் கூடாது. அப்புறம், தோலும் அதற்குக் கீழே கொஞ்சமும்தான் மரக்கும். ஆழத்தில் ஊசி போகும் வலி இருக்கவே செய்யும்.

அளவு விஷயத்தில் கறாராக இருங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 1 கிராம், ஒரு மணி நேரம், அதற்கு மேல் கூடாது. பிரிலோகெய்ன் அதிகமானால் ரத்தம் ஆக்சிஜனைச் சரியாகச் சுமக்காமல் உதடு நீலமாகிவிடும். சல்ஃபா மருந்து (ஒருவகை ஆன்டிபயாடிக்) எடுக்கும் கைக்குழந்தைக்கும், ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கும் டாக்டரிடம் சொல்லாமல் தடவவே வேண்டாம். பெற்றோர் தாங்களாக வாங்கி வீட்டிலேயே பூசிக்கொண்டு வருவதும் வேண்டாம்.

நேரம் இருந்தால் நான் இதைத்தான் கேட்டு வாங்குவேன். நேரம் இல்லை என்று டாக்டர் சொன்னால் ஒத்துழையுங்கள்; சில நிமிடத்தில் வேலை செய்யும் லிடோகெய்ன் மரப்பு ஊசியாவது போடுவீர்களா என்று மட்டும் கேளுங்கள்.