கனடாவில் படகு ஓட்ட அட்டை: ஆன்லைன் பாடம் எப்படி இருந்தது?

சிம்கோ ஏரியில் நண்பரின் மோட்டார் படகை நானும் ஓட்டலாமே என்ற ஆசையில்தான் பணம் கட்டினேன். இங்கே இன்ஜின் வைத்த உல்லாசப் படகு எதை ஓட்டினாலும் கையில் தகுதிச் சான்று இருக்க வேண்டும், 2009 செப்டம்பரிலிருந்து எந்த வயதுக்காரருக்கும் இதே விதி. அட்டை ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் செல்லும்.

குறைந்தது 3 மணி நேரம் படித்தே ஆக வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் கடிகாரம் ஓடும், சீக்கிரம் முடித்தாலும் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டியதுதான். நான் எடுத்த தளம் நடுவில் அறுந்து ஒரு பகுதியைத் திரும்பப் படிக்க வைத்தது, செம எரிச்சல்.

ஆனால் குளிர்ந்த நீர் பற்றிய பகுதிக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும், அதை அடக்க வேண்டும். அடுத்த 10 நிமிடம்தான் கைகால் நாம் சொன்னதைக் கேட்கும். நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். அதாவது விறைத்துச் சாவதற்கு வெகு முன்பே நீந்த முடியாமல் மூழ்கிவிடுவோம். லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் திணித்து வைப்பவர்கள் (நானும்தான்) இதைப் படிக்கணும்.

தேர்வில் 50 கேள்வி, 75 சதவீதம் எடுத்தால் போதும். ஆற்றின் மேல்நோக்கிப் போகையில் சிவப்பு மிதவை வலப்பக்கம் இருக்க வேண்டும், இதை மட்டும் நன்றாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பெரிய குறை, கையால் செய்து பழக எதுவுமே இல்லை. அட்டையோடு போன முதல் நாளே, பக்கக் காற்றில் படகைத் துறையில் இடித்து நீளமாக ஒரு கீறல் போட்டேன்.