ஊட்டி டாக்சிக்கு எது: மின்சாரமா, சி.என்.ஜி.யா, டீசலா?

நீலகிரியில் வாடகைக்கு ஓட்டப் புது கார் எடுப்பவருக்கு இன்று பி.எஸ். 6 (புகை மாசு விதி) டீசல், சி.என்.ஜி. (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு), மின்சாரம் என மூன்று வழி. எங்கள் தேர்வு மின்சாரம். அரசுச் சலுகையைவிட மலை இறக்கம்தான் அதற்குப் பெரிய காரணம்.

சலுகையை முதலில் பார்த்துவிடலாம். 2024 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் மின்வாகன மானியம் இருசக்கர, மூன்று சக்கர வண்டி, பேருந்து, லாரி, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்கு மட்டும்தான். கார் அதில் இல்லை. கார் டாக்சிக்குக் கிடைப்பது 5 சதவீத ஜி.எஸ்.டி., 2018 முதல் பெர்மிட் விலக்கு, தமிழகத்தின் 2023 மின்வாகனக் கொள்கைப்படி சாலை வரி விலக்கு. இந்த வரி விலக்குக்குக் கடைசித் தேதி உண்டு. முன்பணம் கட்டும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சி.என்.ஜி. சமவெளியில் சிக்கனம். மலையில் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் திணறும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு, இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்வதால் சுற்றுலாப் பயணிகளின் பெட்டிகள் கேரியருக்குப் போகும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனைச் செலவும் உண்டு.

டீசலுக்கு டர்போ இருப்பதால் ஏற்றத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் தாவரவியல் பூங்கா, படகு இல்லம் என்று ஊருக்குள்ளேயே ஊர்ந்தால் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். சேர்ந்த கரி எரிய வண்டி நல்ல சூட்டில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். டேஷ்போர்டில் அதற்கான எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் அப்படியே ஓட்டினால் எஞ்சின் இழுவை குறையும், சர்வீஸ் சென்டரில் கரியை எரிக்கக் காசு போகும்.

இனி இறக்கம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,900 மீட்டர். ஆட்களோடு இரண்டு டன் எடையுள்ள கார் அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் சுமார் 10 யூனிட். உருளும் சக்கரத்துக்கும் காற்றுக்கும் போக மீதம் 6 யூனிட் அளவுக்கு இருக்கும். டீசலில் இதை இரண்டாவது கியரும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன. கியரில் பிடிக்காமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் பேட் தீயும், பிரேக் ஆயில் கொதிக்கும். ஈரம் ஏறிய டாட் 3 ரக பிரேக் ஆயிலுக்கு 140 டிகிரியே கொதிநிலை. அந்த நிலையில் பெடல் தரைவரை போய்விடும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

மின்வண்டியில் மோட்டாரே பிடிக்கிறது. அப்படிப் பிடிக்கும்போதே மின்சாரம் எடுத்துப் பேட்டரிக்கு அனுப்புவதுதான் ரீஜென். நல்ல ரீஜென் உள்ள காரில் 3 முதல் 4 யூனிட் பேட்டரிக்குத் திரும்பும், பிரேக் பேடும் நெடுநாள் உழைக்கும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜென் வேலை செய்யாது. இரவு முழுக்க ஊட்டியில் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு காலையில் இறங்குவதுதான் பெரிய தவறு. 80 முதல் 85 சதவீதத்தில் நிறுத்துங்கள். உறைபனிக் காலத்தில் பேட்டரி குளிர்ந்திருந்தாலும் ரீஜென் குறையும். முதல் சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள்.

ஏற்றத்தில் கணக்கு தலைகீழ். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற 16 யூனிட் வரை போகும். 30 யூனிட் பேட்டரியானால் அதில் பாதிக்கு மேல். கீழே நிரப்பிக்கொண்டு ஏறுவதே சரி.

பிரேக் அதிகம் உழைக்காததால் மழையிலும் மூடுபனியிலும் டிஸ்க் துருப்பிடிக்கும், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் பின் இறுகும். ஆறு மாதத்துக்கொருமுறை கழற்றி, துடைத்து, கிரீஸ் போடச் சொல்லுங்கள். எடை கூடுதலானதால் டயர் சீக்கிரம் தேயும்.

வீட்டில் 15 ஆம்பியர் பாயிண்ட் போதும், ஆனால் இரவு முழுதும் பிடிக்கும். பழைய எஸ்டேட் வீடுகளில் எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் தொடங்கவே தொடங்காது. வண்டி வரும் முன்பே தனி எர்த் குழி போட்டுவிடுங்கள்.

மறுவிற்பனையில் டீசலுக்கே இன்னும் பலம். பழைய மின்காரின் விலை நிலைப்படவில்லை. ஐந்து ஆண்டுக்குள் விற்கும் எண்ணமிருந்தால் அதைக் கணக்கில் சேருங்கள். தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து மின்சாரம் நிற்கும் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஓட்டுபவர்கள் ஜூன், ஜூலையில் பேட்டரியை 40 சதவீதத்துக்குக் கீழே விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்ய முடியாத ஓட்டமென்றால் அவர்களுக்கு டீசலே பொருந்தும்.