அரிய பழைய அறிவியல் புனைவுப் படம்: 16 மி.மீ. பிரிண்டா, டிஜிட்டல் ஸ்கேனா?

ரசிகர் மாநாட்டுத் திரையிடலுக்கு ஃபிலிம் பிரதி (பிரிண்ட்), அதைக் கணினிக் கோப்பாக்கிய ஸ்கேன் இரண்டும் கிடைத்தால் எதை எடுப்பது?

ஆள்: பிரிண்டுக்குப் புரொஜெக்டர் ஓட்டத் தெரிந்தவர் கூடவே நிற்க வேண்டும், 1,600 அடி ரீல் சுமார் 44 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.
ஸ்கேனுக்கு லேப்டாப் போதும்.

நிலை: டப்பாவைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். காடி நெடி அடித்தால் ஃபிலிமின் அடிப்பொருளான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. சுருங்கிய ஃபிலிமின் துளைகள் புரொஜெக்டரின் பல்சக்கரத்தில் பொருந்தாமல் கிழியும். வேறு பிரதியே இல்லாத படத்தைத் தயவுசெய்து அப்படி ஓட்டாதீர்கள்.
ஸ்கேன் கிழியாது, 4:3 படம் (பழைய டிவி வடிவம்) அகலத்திரைக்கு இழுபட்டு முகங்கள் சப்பையாவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. முந்தின நாளே, திரையிடப்போகும் அதே கருவியில் ஓட்டிப் பாருங்கள்.

உரிமை: காப்புரிமை முடியாத படமென்றால் இரண்டுக்கும் அனுமதி தேவை. பிரிண்ட் சொந்தமாக இருந்தால் மட்டும் போதாது.

நல்ல பிரிண்ட், இருட்டான சிறு அறை, தேர்ந்த ஆள் மூன்றும் அமைந்தால் ஃபிலிம்தான். பெரிய கூடம், நெருக்கமான நிகழ்ச்சிநிரல் என்றால் ஸ்கேன்.