அடக்கப் பதிவேட்டை வைத்துக் குடும்ப வரலாறு தேடுவது: எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை

குடும்ப வரலாறு தேட ஆரம்பிக்கிற நெல்லைப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் முதலில் கேட்பது ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான். பல வருடங்களாக இதில் ஊறிப்போன நான், முதலில் அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர் பிறகு பிழைப்புக்காக எந்த ஊருக்குப் போனார் என்பதை ஞானஸ்நானப் பதிவேடு சொல்லாது. எங்கே அடக்கம் செய்தார்கள் என்று தெரிந்துவிட்டால், அவர் கடைசியாக வாழ்ந்த ஊர் தெரிந்துவிடும். அங்கிருந்து பின்னோக்கி வருவது சுலபம்.

எங்கள் வீட்டார் பாளையங்கோட்டைப் பக்கம், சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷன் வழி வந்தவர்கள். 1820-ல் மிஷனரி ரேனியஸ் அங்கே வந்த பிறகு கிராமம் கிராமமாகச் சபைகள் பெருகின. பழைய பதிவேடுகள் இன்னமும் பல சேகரங்களில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகளின் தொகுதிதான் சேகரம்) பீரோவுக்குள் இருக்கின்றன. முன்கூட்டியே கடிதம் கொடுத்து, குருவானவருக்கு வேலை குறைவான வாரநாளில் போனால் பெரும்பாலும் பார்க்க விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்காதீர்கள்.

நான் பார்த்த பழைய அடக்கப் பதிவேடுகளில் ஒரு வரிக்குள் இவ்வளவும் இருந்தது: இறந்த தேதி, அடக்கம் செய்த தேதி, பெயர், வயது, தொழில், இறந்த காரணம், அடக்கம் நடத்தியவரின் கையெழுத்து. இதில் வயதை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. பெரியவர்களுக்கு 40, 50, 60 என்று முழு எண்ணாகவே போட்டிருப்பார்கள். குழந்தைகளுக்கோ மாதம், நாள் வரைக்கும் இருக்கும், அதை நம்பலாம்.

1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சத்தின் பக்கங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வரிகள் நெருக்கமாகின்றன, கையெழுத்து அவசரமாகிறது, காரணம் என்ற பத்தியில் வாந்திபேதி, வாந்திபேதி என்று கீழே கீழே வருகிறது. அப்படி ஒரு பக்கத்தில்தான் என் பாட்டனாருக்கு ஒரு அண்ணன் இருந்தது தெரிந்தது. அதே பெயர், அதே தகப்பனார், சின்ன வயதிலேயே போய்விட்டது. செத்த பிள்ளையின் பெயரையே அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு வைப்பது அன்று சாதாரணம். ஞானஸ்நானப் பதிவேட்டை மட்டும் பார்த்து வம்சாவளி எழுதியிருந்தால், அந்த அண்ணனின் பிறந்த தேதி பாட்டனாருக்குப் போயிருக்கும். வீட்டில் யாருமே பேசாத அந்தப் பிள்ளை இப்போது எங்கள் வம்சாவளியில் தன் பெயரோடு இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே அடக்கப் பதிவேட்டை விடக் கூடாது என்பேன்.

சரி, கல்லறைக் கல்லுக்கு வருவோம். கல்லை எப்போது நட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல கற்கள், கையில் காசு சேர்ந்த பிறகு பிள்ளைகள் வைத்தவை. அதனால் தேதி இரண்டிலும் முரண்பட்டால் நான் பதிவேட்டைத்தான் எடுத்துக்கொள்வேன். உறவுமுறைக்குக் கல்தான் நல்ல சாட்சி. பதிவேட்டில் ஒரு பெண்ணைப் பெரும்பாலும் இன்னாரின் மனைவி என்று எழுதி முடித்துவிடுவார்கள். கல்லில் பிறந்த ஊரோ தகப்பனார் பெயரோ எட்டிப் பார்க்கும். பெண்வழி தேடுகிறவர்களுக்கு அந்த ஒரு சொல் தங்கம்.

பழைய கற்களில் தமிழ் எண்களும் குறிகளும் வரும். ௲௮௱௭௰௭ என்றால் 1877. ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி. தெற்கே நாகர்கோவில் பக்கம் போனால் கொல்லம் ஆண்டு வரும். 825-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1053 என்றால் 1877-78. வருடம் ஆவணி வாக்கில் பிறப்பதால் மாதத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எழுத்து தேய்ந்திருந்தால் காலையிலோ சாயங்காலமோ சாய்வெயிலில் படம் எடுங்கள். உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது. நிழலில் இருக்கிற கல்லுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் போதும். ஆசிட், கம்பி பிரஷ் இரண்டும் வேண்டவே வேண்டாம், கல் போய்விடும். கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டமாக இருந்தால் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னாலேயே போய்விடுவது நல்லது. திருநாளுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு எழுத்துக் குழிகளை நிரப்பிவிடும். ஆனால் அதே திருநாளில்தான் வெளியூர்ச் சொந்தங்கள் எல்லாம் மெழுகுவர்த்தியோடு ஒரே இடத்தில் கிடைப்பார்கள். முடிந்தவர்கள் இரண்டுக்கும் போங்கள்.

பக்கத்துக் கல்லறைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கிராமத்தில் எங்கள் கல்லுக்கு அடுத்திருந்த கல்லைக் காட்டி, "அண்ணாச்சி, இது யாரு?" என்று கோயிலைப் பராமரிக்கிற கோயில்குட்டியாரிடம் கேட்டேன். "அவுக தங்கச்சி மாப்பிள்ளை வீடுல்லா. பூராம் ஒரே வளவு. முன்னால ஒரு பாட்டி வரும், இப்போ யாரும் வரல, நான்தான் புல்லு வெட்டுதேன்" என்றார். அவர் சொன்ன அந்த வளவை, அதாவது சொந்தக்காரர்கள் சேர்ந்திருக்கும் வீட்டு வளாகத்தை, வைத்துத்தான் எங்களுக்கு ஒரு கிளையே கிடைத்தது. எந்தப் பதிவேட்டிலும் அது ஒரே வரியில் எழுதியிருக்காது.

இணையத்தில் இருப்பவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபைண்ட் எ கிரேவ், பில்லியன் கிரேவ்ஸ் இரண்டுமே இலவசம், தன்னார்வலர்கள் படம் எடுத்துப் போடுகிறார்கள். சென்னை மாதிரி நகரங்களுக்கு ஓரளவு பயன். தென்மாவட்டக் கிராமங்களுக்கு இன்னும் மிகக் குறைவு. அவர்களுடைய தேடும் கட்டத்தில் குடும்பப் பெயர் கேட்பார்கள். நமக்குத் தகப்பனார் பெயரே இனிஷியல், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதனால் நான் ஆள் பெயரை விட்டுவிட்டுக் கல்லறைத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலிருக்கிற பட்டியல் முழுவதையும் படித்துவிடுவேன். நேரம் பிடிக்கும், ஆனால் பலன் உண்டு.

கட்டணத் தளங்களில் இருக்கிற பழைய மதராஸ் அடக்கப் பதிவுகள், லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கிய நகல்களின் வரிசை. 1698-லிருந்து 1948 வரை போகும். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு அது பெரிய புதையல். எங்களைப் போன்ற தமிழ்ச் சபைக் குடும்பங்களுக்கு அதில் கிடைத்தது மிகக் குறைவு, சந்தாப் பணத்துக்கு ஈடாகவில்லை. மதராஸ் மாகாணக் கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905-ல் வந்த பட்டியலும் அப்படித்தான், பெரும்பாலும் ஐரோப்பியர்கள். மிஷனரிகளைத் தேடுகிறவர்கள் மட்டும் பாருங்கள்.

இணையத்தில் நான் மனதாரப் பரிந்துரைப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம். இதற்கு நீங்கள் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதே இல்லை. இரண்டாம் உலகப் போரில் இறந்து, கல்லறை இல்லாத இந்து, முஸ்லிம் சிப்பாய்களின் பெயர்களும் நினைவுச் சின்னங்களில் உண்டு. சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள், பர்மாவில் தௌக்கியானில் ஏறக்குறைய 27,000. பல இந்தியச் சிப்பாய்களின் பதிவில் தகப்பனார் பெயர், ஊர், மாவட்டம் மூன்றும் இருக்கும். பெயரில் தேடினால் எழுத்துக்கூட்டல் படுத்திவிடும், ஒரே பெயரை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். கூடுதல் விவரம் என்கிற கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பாட்டி வழியில் போருக்குப் போனவர் திரும்பவில்லை என்று மட்டுமே தெரிந்திருந்த எங்களுக்கு, அவருடைய படைப்பிரிவும் தேதியும் அப்படித்தான் கிடைத்தன. பாட்டியின் தம்பி அதைக் காகிதத்தில் எடுத்துத் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

இதிலெல்லாம் அவசரம் இருக்கிறது. ஒரு சேகரத்தில் கரையான் அரித்துப் பாதிப் பதிவேடு மாவாகிவிட்டது. அதைத் திறக்கவே விடவில்லை, விட்டிருந்தாலும் பலன் இல்லை. நகரங்களில் இடம் இல்லாததால் குடும்பக் கல்லறையைத் திரும்பத் திறந்து அடக்கம் செய்கிறார்கள், அப்போது பழைய கல் ஓரமாகப் போய்விடுகிறது. சிங்கப்பூரில் பல தமிழர்களும் அடக்கமான பிடாடரி கல்லறை 1972-ல் மூடப்பட்டு, பிறகு எலும்புகள் எடுக்கப்பட்டு, இன்று அங்கே வீடுகள் நிற்கின்றன. சிங்கப்பூரில் இப்போதும் அடக்கத்துக்கு 15 வருடம்தான், அப்புறம் எடுத்துவிடுவார்கள்.

அதனால் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கிடைத்தால் உங்கள் வரியை மட்டும் எடுக்காமல் முழுப் பக்கத்தையும், அட்டையையும், பக்க எண்ணையும் சேர்த்துப் படம் எடுங்கள். அந்தப் படங்களின் ஒரு பிரதியைச் சேகர அலுவலகத்துக்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.