வைரஸ் சோதனைச் சான்று இல்லாமல் திசு வளர்ப்பு வாழைக் கன்று வாங்காதீர்கள்

ஆய்வுக்கூடத்தில் பாட்டிலுக்குள் பெருக்கிய திசு வளர்ப்பு வாழைக் கன்றுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் வாங்கியது 800 கன்றுகள். இன்று அதில் ஒன்றுகூட இல்லை. தானே காய்ந்தவை போக மீதி எல்லாவற்றையும் நானே கிழங்கோடு தோண்டி அழித்தேன்.

"குறைந்த செலவுத் தொழில்நுட்பம், அதனால் பாதி விலை. வைரஸ் இல்லாத கன்று." இதுதான் அந்த ஆய்வுக்கூடத்தின் விளம்பரம். பாதி விலை எப்படிக் கட்டுப்படியாகும் என்று சந்தேகம் வந்து நேரிலேயே போனேன். ஜாம் பாட்டில்களில் செடி வளர்த்தார்கள். ஆய்வகத்துக்கென்று விற்கும் சுக்ரோசுக்குப் பதிலாகச் சாதாரணச் சர்க்கரை, லிட்டருக்கு 30 கிராம். பாட்டில்களை நீராவியில் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ் கருவி கிடையாது, பெரிய பிரஷர் குக்கரில் 121 டிகிரி சூட்டில் 20 நிமிடம் வைத்து எடுத்தார்கள். டியூப் லைட் வரிசைகள் இல்லை, ஜன்னல் வெளிச்சம்தான். இதில் எதுவும் ஏமாற்று வேலை கிடையாது. முராஷிகே, ஸ்கூக் என்ற விஞ்ஞானிகள் 1962-ல் வெளியிட்ட ஊடகத்தை, அதாவது செடி வளரும் சத்துக் கலவையை, கடைச் சர்க்கரை போட்டுத் தயாரித்தாலும் செடி நன்றாகவே வளரும். சின்னக் கூடங்கள் இப்படிச் செலவைக் குறைப்பதை நான் இன்றும் மதிக்கிறேன். விலை குறைந்ததற்குக் காரணம் இதுதான் என்று நம்பிப் பணத்தைக் கட்டினேன். கன்றுகளைப் பெருக்க நுனி வெட்டிய தாய்வாழை எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

கன்றுகள் வந்தபோதே ஒரு குறை தெரிந்தது. இலை மெல்லிசாக, தொட்டால் துவளுகிற மாதிரி இருந்தது. பாட்டிலுக்குள் ஈரக் காற்றிலேயே வளர்ந்த செடியின் இலையில் மெழுகுப் பூச்சு சரியாக இருக்காது, இலைத்துளைகளும் ஒழுங்காக மூடாது. அதனால் முதலில் ஈரப்பதம் கூடிய கூடாரத்தில் சில வாரம், பிறகு நிழல்வலையில் சில வாரம் என்று மொத்தம் இரண்டு மாதமாவது பழக்க வேண்டும். எனக்கு அனுப்பியவை மூன்றே வாரம் பழக்கியவை. நட்ட பத்து நாளில் நூற்றுக்கு மேல் காய்ந்தன.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் மாதம் புது இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நின்றன. ஓரம் மஞ்சள். இலைக்காம்பைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தால் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாகத் தெரிந்தது. வாழையைத் தாக்கும் வைரஸ் நோயான முடிக்கொத்து நோய். வைரஸின் மரபுப்பொருளைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனைக்கு இலையை அனுப்பினேன், வைரஸ் உறுதியானது.

கூடத்தாரிடம் கேட்டபோது, "உங்கள் வயலில் அசுவினி இருந்திருக்கும், அது பரப்பியிருக்கும்" என்றார்கள். சாறு உறிஞ்சும் பூச்சியான வாழை அசுவினி இந்த நோயைப் பரப்பும் என்பது உண்மைதான். ஆனால் காய்ந்துபோகும் இடங்களில் மறுபடி நடுவதற்காக 20 கன்றுகளைப் பூச்சி புகாத வலைக்குள் தனியே வைத்திருந்தேன். வயலையே பார்க்காத அந்தக் கன்றுகளிலும் அதே புள்ளி, அதே கோடு. இதைச் சொன்னதும், "நாங்கள் எல்லாம் கிருமிநீக்கம் செய்துதான் வளர்க்கிறோம், பாட்டிலில் வைரஸ் எப்படி வரும்?" என்றார்கள். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

அந்தக் கேள்வியில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். கிருமிநீக்கம் கன்றின் மேல்பரப்பில் உள்ள பூஞ்சையையும் பாக்டீரியாவையும் கொல்லும். வைரஸ் இருப்பது செல்லுக்குள்ளே. தாய்வாழையில் அது இருந்தால், ஒரு நுனியிலிருந்து பெருக்கிய நூற்றுக்கணக்கான கன்றுகளுக்கும் போய்ச் சேரலாம், பாட்டிலில் பார்க்கும்போது பெரும்பாலும் கண்ணுக்கும் தெரியாது. 1952-ல் மோரெல், மார்ட்டின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானிகள் வைரஸ் தாக்கிய டாலியா என்ற பூச்செடியிலிருந்து நோயற்ற செடியை எடுத்தது உண்மை. ஆனால் அதற்கு அவர்கள் எடுத்தது மிகச் சிறிய வளர்நுனி. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தத் துணுக்கை நுண்ணோக்கி வைத்து வெட்ட வேண்டும், அதிலும் பல பிழைக்காது. வியாபாரத்துக்கு வாழை பெருக்கும்போது அதைவிடப் பல மடங்கு பெரிய நுனியைத்தான் வெட்டுகிறார்கள். அப்படியானால் தாய்வாழையைச் சோதித்தே ஆக வேண்டும். எனக்கு விற்றவர்கள் மிச்சம் பிடித்தது அந்தச் சோதனையில்.

வாங்குகிறவர்கள் தாய்வாழையின் எலைசா (வைரஸின் புரதத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை) அல்லது பிசிஆர் முடிவைக் காகிதத்தில் கேளுங்கள். அதில் இருக்கும் தொகுதி எண்ணும் உங்கள் கன்றின் தொகுதி எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எத்தனை முறை சப்கல்ச்சர் செய்தார்கள், அதாவது செடியைப் பிரித்துப் புது ஊடகத்துக்கு மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். எட்டு முறைக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான வழக்கம். அதை மீறினால் குட்டையாகவோ இலை மாறியோ போகும் கன்றுகள் கூடும். என் வயலிலும் அப்படிக் குள்ளமாக நின்றவை இருந்தன. பதில் சொல்லத் தயங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே நட்டுவிட்டீர்கள் என்றால் இன்றே காம்புகளைப் பாருங்கள். நோய் தெரிந்தால் உடனே பிடுங்கிவிட வேண்டாம். முதலில் மருந்தடித்து அசுவினியைக் கொல்லுங்கள். இல்லாவிட்டால் பிடுங்குகிற நேரத்தில் அவை பக்கத்து மரத்துக்குப் போய்விடும். பிறகு கிழங்கை முழுதாகத் தோண்டி எடுங்கள். ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் துளிர்க்கும்.

நான் இன்னும் வாரம் ஒருமுறை அந்த வயலைச் சுற்றி வருகிறேன். நேற்றுகூட ஒரு குழியின் ஓரத்தில், மேலே கொத்தாகச் சுருங்கிய ஒரு துளிர் நின்றது. மருந்தடித்துவிட்டுத் தோண்டி எடுத்தேன்.