மேல்நிலைத் தொட்டியில் குளோரினா, வீட்டில் கொதிக்கவைப்பதா?

30,000 லிட்டர் தொட்டிக்கு, 33 சதவீதக் குளோரின் உள்ள புதிய பிளீச்சிங் பவுடர் சுமார் 180 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் கிடைக்கும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்ததை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்தே தண்ணீர் திறக்க வேண்டும். மூட்டை பிரிந்து கிடந்தால் வீரியம் போய்விடும். அப்புறம் எடை சரியாக இருந்தும் பயனில்லை. அதனால் கடைசித் தெருக் குழாயில் குளோரோஸ்கோப் (தண்ணீரில் மிஞ்சிய குளோரின் அளவைக் காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

கொதிக்கவைப்பதில் அளவுத் தொல்லை இல்லை. தளதளவென 1 நிமிடம் கொதித்தால் குளோரினுக்கு மசியாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியும் சாகும். ஆனால் ஆறிய தண்ணீருக்குக் காவல் கிடையாது. கைபட மொண்டால் மறுபடி கிருமிதான்.

ஊருக்குக் குளோரினே முதலில். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டும் வேண்டும். ஃபுளோரைடு கலந்த போர்வெல் தண்ணீருக்கு இரண்டுமே உதவாது. கொதித்து வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.